உள்ளமும் தொழிலும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே செல்லும் சாலை கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி நீர்த்தேக்கத்தின் பக்கமாக மலை ஏறத் தொடங்குகின்றது. வளைந்து வளைந்து ஏறும் அவ்வழியே சென்றால் வெள்ளிமலை என்னும் ஊரை அடையலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலையில் அமைந்துள்ள இவ்வூர், இன்று அம்மலை வட்டத்தின் தலைமையிடமாகும். சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்பதே அப்பெயரின் பொருள். கேரள நாட்டு மலையாளிகளோடு இவர்களைச் சேர்த்து எண்ணுதல் பிழை. சாமையும் தினையும் மரவள்ளியும் இவர்கள் விளைவிப்பவை. கடுக்காயும் புளியும் தேனும் பலாவும் மலை இவர்களுக்குத் தருபவை.

இம்மலையில் விளைநிலம் இருவகைப்படும். ஏர் பூட்டி உழத்தக்க நிலத்தை உழவுக்காடு என்பர். ஏரும் எருதும் ஏறமாட்டாத சரிவைக் கொத்தினால் கொத்திப் பயிர் செய்வர், அது கொத்துக்காடு. கொத்துக்காட்டு வேலை எளியதன்று. ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழுமாக ஊன்றிக்கொண்டு, கல்லுக்கும் வேருக்கும் நடுவே கொத்தை ஓங்கிப் போடவேண்டும். வெயில் ஏற ஏறக் கை சோரும், இடுப்பு நோகும். தனியாளாய் நின்று செய்பவன் நண்பகலுக்குள் களைத்துவிடுவான். பலர் வரிசையாய் நின்று செய்யும்போதோ, ஒருவன் கேலி பேச மற்றவர் நகைக்க, ஒருத்தி பாட்டெடுக்க ஏனையோர் பின்பாட, சரிவின் பாதி முடிந்ததே தெரியாமல் முடிந்துவிடும்.

தமிழ்நாட்டு உழவரிடையே மாற்றாள் முறை என ஒன்று உண்டு. இன்று ஒருவர் காட்டுக்கு மற்றவர் சென்று உழைப்பார். நாளை இவர் காட்டுக்கு அவர் வந்து உழைப்பார். கணக்கிட்டுப் பார்த்தால் இருவருக்கும் கிடைக்கும் ஆள்நாள் ஒன்றே. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பின் ஏன் இத்துணைப் பாடு? தனித்தனியே செய்தால் ஆகாதோ? ஆகும், ஆனால் அவ்வளவு ஆகாது. கூடிச் செய்யும்போது உள்ளத்தில் எழும் கிளர்ச்சி, கைக்கு வலிமையாக மாறுகின்றது. அவ்வலிமைக்குக் கூலியும் இல்லை. கணக்கேட்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

நடவுப்பாட்டும் ஏற்றப்பாட்டும் சுண்ணாம்பு இடிப்போர் பாட்டும் ஓடம் தள்ளுவோர் பாட்டும் இவ்வாறு தோன்றியவையே. நகரத்தார் சிலர் இவற்றை வேலைக்கு நடுவே பாடும் பொழுதுபோக்கு என்று எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. பாட்டு அங்கே ஒரு கருவி. ஏற்றம் இறைப்போர் இறைத்த சால்களின் எண்ணிக்கையைப் பாட்டோடு சேர்த்தே எண்ணுவர். நடவு நடும் மகளிரின் கைகள் ஒரே அளவில் இயங்குமாறு செய்வது அவர்தம் பாட்டின் தாளம். ஏற்றக்காரன் ஒருவன் பாதியில் நிறுத்திய பாட்டின் எஞ்சிய அடியைக் கேட்க, மறுநாள்வரை கம்பர் காத்திருந்தார் என்று ஒரு செவிவழிக் கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, உழைப்பவன் உள்ளத்தில் எழுவது எத்தகையது என்பதை நம் முன்னோர் மதித்தனர் என்பதற்கு அது சான்று.

இனி, அதே மலையின் மற்றொரு காலத்தைக் காண்போம். கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு 1947-இல் விடுதலை பெற்ற பின்னரும் இம்மலைமக்களுக்கு முழு விடுதலை கிட்டவில்லை. ஜாகீர்தார்களுக்கு வரி கொடுத்ததோடு, அவர்தம் நிலத்தில் கூலியின்றி உழைக்கவும் வேண்டியிருந்தது. 1976-இல்தான் மலை அரசின் நேரடி ஆளுகைக்கு வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான்.

கொத்து அதே கொத்து. சரிவு அதே சரிவு. உழைத்த கையும் அதே கை. ஆயினும் மாற்றாளாய்ச் சென்று உழைப்பதற்கும் கூலியின்றிக் கட்டாயத்தால் உழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எவரும் எளிதில் உணரலாம். முன்னதில் உவகை உண்டு. பின்னதில் அச்சம் ஒன்றே உண்டு. கட்டாய உழைப்பாளிக்குத் தலைவனின் முகமே நாள்காட்டி. அம்முகத்தைப் பார்த்தே அன்றைய பொழுது எவ்வாறு கழியும் என்பதை அவன் அறிந்துகொள்வான். தலைவன் இரவில் உறங்காமல் எழுந்தானாயின், அதன் துன்பம் காட்டில் நிற்பவனையும் சாரும். உறக்கம் கெட்டது ஒருவனுக்கு. அதற்கு விலை கொடுப்பவன் மற்றொருவன்.

பழந்தமிழ் நூலாகிய தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயல் உள்ளது. உள்ளத்தில் தோன்றும் உணர்ச்சி உடலின் வழியே பிறர்க்குப் புலப்படுவதே மெய்ப்பாடு. உவகை, நகை, பெருமிதம், மருட்கை, அழுகை, இளிவரல், அச்சம், வெகுளி என அவை எட்டு. எட்டனுள் ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என ஆசிரியர் வகுத்துக் காட்டுகின்றார். மாணவர் பலரும் இப்பட்டியலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்தவுடன் மறந்துவிடுவர். மறக்கத்தகாத ஒன்று அதனுள் இருக்கின்றது. அச்சம் எவற்றால் பிறக்கும் என்று கூறவந்த தொல்காப்பியர், அணங்கு, விலங்கு, கள்வர் என்னும் மூன்றை எண்ணி, நான்காவதாகத் தம் இறையை, அஃதாவது தமக்குத் தலைவராயினாரை, எண்ணுகின்றார்.

என்ன கூட்டம் இது! வருத்தும் தெய்வம், கொல்லும் புலி, பொருள் பறிக்கும் கள்வன். இவர்களுக்கு அடுத்தாற்போல் தலைவன்! ஆய்ந்து நோக்கின் நான்காவது அச்சமே கொடியது. அணங்குக்கு அஞ்சுபவன் படையலிட்டு மன அமைதி பெறலாம். விலங்கைக் கண்டவன் மரத்தில் ஏறிக்கொள்ளலாம். கள்வரைக் கண்டவன் ஊரைக் கூவி அழைக்கலாம். தலைவனைக் கண்டு அஞ்சுபவன் எங்கே ஓடுவான்? நாள்தோறும் காலையில் குளித்து உண்டு, தானே நடந்துசென்று அவன்முன் நிற்க வேண்டியவனாக இருக்கின்றானே!

தொழிற்களத்தில் உணர்ச்சிக்கு இடமில்லை என வாதிடுவோர் இன்றும் உளர். வேலைக்கு வருவோர் செருப்பைப் போலவே உள்ளத்தையும் வாயிலில் கழற்றிவிட்டு வரவேண்டும் என்பது அவர்தம் கருத்து. வீட்டுத் துன்பத்தை அலுவலகத்திற்குக் கொண்டுவருவோன் தன் வேலையையும் கெடுத்துப் பிறர் வேலையையும் கெடுப்பான் என்று அவர் கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்பதற்காக மருந்தாளுநர் ஒருவர் மருந்தை மாற்றிக் கொடுத்தல் ஆகுமா? ஆகாது. ஆனால், கழற்றி வைக்கத்தக்க பொருளா உள்ளம்? காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நினைவோடுதான் அவர் மருந்தை எண்ணித் தருகின்றார். நினைவை மறைக்கச் சொன்னால் மறைப்பார். மறைப்பதே அவருக்கு மேலும் ஒரு வேலையாகிவிடும்.

அமெரிக்க நாட்டில் சிகாகோ நகரை அடுத்த ஹாதார்ன் என்னும் தொழிற்சாலையில், 1924 முதல் 1932 வரை, தொழிலாளரின் உழைப்பைப் பற்றிய பல ஆய்வுகள் நடைபெற்றன. விளக்கொளியைக் கூட்டினால் வேலை கூடுமா என்பதை அறியவே தொடங்கினர். ஒளியைக் கூட்டியபோதும் வேலை கூடியது, குறைத்தபோதும் கூடியது. பின்னர்ச் சில பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, இடைவேளையையும் வேலை நேரத்தையும் மாற்றிமாற்றிப் பார்த்தனர். மேற்பார்வையாளரின் கடுமை குறைந்ததும், தாம் மதிக்கப்படுகின்றோம் என்னும் எண்ணம் தோன்றியதுமே வேலை பெருகியதற்குக் காரணம் என்று எல்டன் மேயோ முதலிய அறிஞர் கூறினர். இம்முடிவைப் பிற்கால அறிஞர் பலர் மறுத்துள்ளனர். அவர்கள் மறுத்ததற்குக் காரணமும் இருக்கின்றது. அத்தனி அறையில் இருந்த பெண்களுள் இருவர், மிகுதியாகப் பேசுகின்றனர், வேலை குறைகின்றது என்ற காரணத்தால் 1928-இல் மாற்றப்பட்டனர்! மகிழ்ச்சியை அளக்கும் ஆய்விலும் மகிழ்ச்சிக்கு அளவு வைத்தவர் மேலதிகாரியே. ஆதலின் அவ்வாய்வை வேதவாக்காகக் கொள்ளாமல், ஒரு நல்ல கேள்வியை எழுப்பியது என்ற அளவில் கொள்வதே சால்பு.

அறிஞர் எவரும் ஆய்ந்து சொல்லவேண்டாத உண்மை ஒன்று உண்டு. உணர்ச்சி நீரைப் போன்றது. மேட்டிலிருந்து பள்ளத்திற்கே பாயும். ஓர் அலுவலகத்தை எண்ணிப் பார்க்க. தலைமை அதிகாரியைத் தலைநகரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கடிந்துகொள்கின்றார். அவர் கண்காணிப்பாளரை அழைத்துக் கடிகின்றார். கண்காணிப்பாளர் எழுத்தரின் மேசைமேல் கோப்பை எறிகின்றார். எழுத்தர் நிமிர்ந்து பார்க்கும்போது, அவருக்கு எதிரே கையில் ஒரு தாளோடு ஒருவர் நிற்கின்றார். மலையூர் ஒன்றிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, நடந்தும் பேருந்தில் ஏறியும் வந்தவர் அவர். அவர் மகளின் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினர்க்கான அச்சான்றிதழை வழங்குவோர் கோட்டாட்சியர் ஆதலின், மலையடிவாரத்திற்கு இறங்கி வந்துதான் கேட்கவேண்டும். எழுத்தர் முகம் சுளித்து, “நாளைக்கு வா” என்கின்றார்.

அவ்வளவே அவர் சொன்னது. சட்டத்திற்கு மாறாக ஒன்றும் செய்துவிடவில்லை, கையூட்டும் கேட்கவில்லை. ஆயினும் நேர்ந்தது என்ன? மறுநாள் வருவதற்கு ஒருநாள் கூலி போகும். பேருந்துக் கட்டணம் மறுபடியும் வேண்டும். அவற்றையும் அவர் தாங்கிக்கொள்ளக்கூடும். அந்தச் சுளித்த முகத்தின்முன் மீண்டும் ஒருமுறை சென்று நிற்பதற்குத்தான் அவரால் இயலாது. இளிவரல் என்று தொல்காப்பியர் கூறியது இதுவே போலும். அவர் வாராமலே இருந்துவிட்டால், ஒரு பெண்குழந்தையின் படிப்பு அத்தோடு நின்றுவிடவும் கூடும். தலைநகரில் ஒருவர்க்கு எழுந்த சினம், மலைமேல் ஒரு குடிலில் விளக்கை அணைத்துவிட்டது. இடையில் இருந்த மூவரும் அதனை அறியார். இது குறிப்பிட்ட ஓர் ஊரில் நிகழ்ந்த நிகழ்ச்சியன்று. எந்த ஊரிலும் எந்த அலுவலகத்திலும் நிகழக்கூடியது.

இங்கே தமிழ் வழக்கு ஒன்றைக் கருதுதல் தகும். ஒருவரோடு அன்பாய்ப் பேசுதலை ‘முகங்கொடுத்துப் பேசுதல்’ என்கின்றோம். சோறு கொடுத்தல், பொருள் கொடுத்தல் போல முகத்தையும் ஒரு கொடையாக நம் மொழி கருதுகின்றது. கொடுப்பவனுக்குச் செலவில்லாத கொடை. அதனையும் மறுப்பவனை எப்பெயரால் அழைப்பது?

வள்ளுவர் வெகுளாமையைத் துறவறவியலில் வைத்தார். அதைக் கண்டு, சினத்தை அடக்குதல் துறவிகளின் வேலை என்று அலுவலர் சிலர் ஆறுதல் கொள்ளலாம். அவர் அரசியலிலும் வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரத்தை வைத்து, அதற்கு அடுத்தே கண்ணோட்டத்தை வைத்துள்ளார் என்பதை அவர்கள் நோக்கல் வேண்டும். குடிமக்கள் அஞ்சி நடுங்குமாறு ஆட்சி செய்தலை அரசனுக்கு உரிய குற்றமாகவே அவர் காட்டுகின்றார். மேலும், தன் சினம் செல்லுமிடத்தில் சினவாது காப்பவனே சினம் காப்பவன் என்பது அவர் கருத்து. செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன? மேலதிகாரியின்முன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டு, கடைநிலை ஊழியனிடம் சீறுபவனுக்கு வள்ளுவரின் நூலில் ஒதுங்க ஓர் இடமும் இல்லை.

இவையெல்லாம் மன வருத்தத்தோடு முடிவன என எண்ணற்க. தலைவர்பால் கொண்ட அச்சம் உயிர்களையும் கொள்ளும். 1977-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள், அட்லாண்டிக் பெருங்கடலில் இசுபானிய நாட்டைச் சேர்ந்த தெனெரீஃப் தீவில் நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் கூறலாம். அருகிலுள்ள தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், பல விமானங்கள் தெனெரீஃபின் சிறிய நிலையத்திற்குத் திருப்பிவிடப்பட்டன. இரண்டு பெரிய விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன; ஒன்று நெதர்லாந்து நாட்டுக்கு உரியது, மற்றொன்று அமெரிக்க நாட்டுக்கு உரியது. மூடுபனி கவிந்து ஒன்றையொன்று காணமுடியாத நிலை. நெதர்லாந்து விமானத்தின் தலைமை விமானி தம் நிறுவனத்தில் பெரும்புகழ் பெற்றவர். பிற விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பவர். மேலும் காலம் தாழ்ந்தால், பணிநேரம் பற்றிய விதியால் அன்று பறக்கவே இயலாமற் போகும் என்னும் பதற்றம் அவர்க்கு இருந்தது.

முதன்முறை அவர் விமானத்தை முடுக்கியபோது, இன்னும் இசைவு வரவில்லை என்று துணை விமானி கூறினார், அவரும் நிறுத்தினார். மறுமுறை அவர் முடுக்கியபோது, புறப்படுவதற்கான இசைவு அப்போதும் வந்திருக்கவில்லை; துணை விமானி மீண்டும் தடுத்துக் கூறவில்லை. பாதையில் விமானம் ஓடத்தொடங்கிய பின்னர், அமெரிக்க விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்னும் ஐயம் பொறியாளர்க்கு எழுந்தது. அவர் வாய்திறந்து கேட்டார். விலகிவிட்டது என்று தலைவர் உறுதியாக மொழிந்தார். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் கூறவில்லை. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். நெதர்லாந்து விமானத்தில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

மூடுபனியும் வானொலிப் பேச்சின் குழப்பமும் அவ்விபத்திற்குக் காரணங்களே. ஆயினும் உலகம் அதிலிருந்து கற்ற பெரிய பாடம் வேறு. உண்மையை அறிந்த அல்லது ஐயுற்ற ஒருவர் அதே அறையில் அமர்ந்திருந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மறுமொழி வந்ததும் அடங்கிவிட்டார். புகழ்மிக்க தலைவரை இரண்டாம் முறை மறுத்துக் கூறுவது எத்துணை அரிது! 1979-இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் இதுபற்றி ஒரு பயிலரங்கு கூட்டியது. அதன்பின், கீழே உள்ளவர் தயங்காமல் கூறவும் மேலே உள்ளவர் சினவாமல் கேட்கவும் விமானக் குழுவினர்க்குப் பயிற்சி அளிக்கும் முறை உலகெங்கும் பரவியது. கருவிகளைச் செப்பமாக்கியது போலவே, தலைவரின் மனநிலையையும் செப்பமாக்க வேண்டும் என அவர்கள் உணர்ந்தனர். அஞ்சுபவனிடம் ‘அஞ்சாதே’ என்று கூறுவது மட்டும் போதாது என அறிந்தமையே அப்பயிற்சியின் சிறப்பு.

அச்சத்தைப் பற்றிக் கூறியது போதும். தொழிற்களத்தில் சிரிப்பும் ஒரு சுமையாதல் உண்டு. நகரத்து நகைக்கடைகளிலும் துணிக்கடைகளிலும் வேலை செய்யும் பெண்களைப் பலரும் கண்டிருப்பர். வருபவரைப் புன்முறுவலோடு வரவேற்க வேண்டும்; நூறு புடைவைகளை விரித்துக் காட்டிய பின், வந்தவர் ஒன்றும் வாங்காமல் எழுந்தாலும் அப்புன்முறுவல் மாறுதல் கூடாது. இவற்றையெல்லாம் நின்றுகொண்டே செய்தல் வேண்டும். கால் வீங்கும், நரம்பு புடைக்கும், முகம் மட்டும் மலர்ந்திருக்க வேண்டும்.

ஆர்லி ஹாக்சைல்டு என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1983-இல் வெளியிட்ட நூல் ஒன்றில் இதனை ஆராய்ந்தார். விமானப் பணிப்பெண்கள் சிரிப்பதற்கும், கடன் வசூலிப்போர் கடுகடுப்பதற்கும் ஊதியம் பெறுகின்றனர். கைவேலையும் மூளைவேலையும் போல உணர்ச்சியைக் காட்டுதலும் ஒரு வேலையே என அவர் நிறுவினார். அவர் கூறியது புதுமையாகத் தோன்றலாம். கூத்து மேடையில் அழுது முடித்தவன் வேடத்தைக் கலைத்த பின்னும் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்ட நம் நாட்டார்க்கு அது புதுமையன்று. கூத்தனுக்கு விடியலில் ஆட்டம் முடிந்துவிடும். கடையில் நிற்கும் பெண்ணுக்கு மறுநாளும் அதே வேடம்; அதற்கு மறுநாளும் அதுவே.

நிற்பவர் அமர வேண்டும் என்று கேட்பதற்கும் ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள், ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பின் வழியே அதனைக் கேட்டனர். அங்கே 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் சட்டமுன்வடிவு 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. வேலை செய்வோர்க்கு இருக்கை வசதி அளித்தல் வேண்டும். வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரலாம் என்பதே அதன் சாரம். ஒருவர் உட்காரலாம் என்று ஒரு நாட்டின் சட்டமன்றம் கூடிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் அப்பெண்களின் சிரிப்புக்குப் பின்னே என்ன இருந்தது என்பதை வாங்கச் சென்ற நாம் அனைவரும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

வேலை செய்வோர் எவ்வுணர்ச்சியையும் அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது நேர்மையாகாது. வெகுளிக்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு காரணங்களை நோக்குக. உறுப்பைச் சிதைத்தல், குடியைத் துன்புறுத்தல், அலைத்தல், கொலை. இவை நான்கும் பிறர் செய்யும் கொடுமைகள். கொடுமைக்கு எதிரே சினம் பிறத்தல் இயல்பு என்பதை இலக்கணமே ஒப்புக்கொள்கின்றது. கூலி கொடுபடாதபோது தொழிலாளி கொள்ளும் சினமும் இதன்பாற்படும். ஆனால் கோப்பு நேரத்திற்கு வரவில்லை, தேநீர் ஆறிவிட்டது, மின்விசிறி சுழலவில்லை என்பன அந்நான்கனுள் எதனுள்ளும் அடங்கமாட்டா.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல், தீராத வேலை நெருக்கடியால் உள்ளம் எரிந்து ஓய்ந்துபோகும் நிலையைத் தொழில் தொடர்பான ஒரு நிலையாகத் தன் நோய்ப் பகுப்பில் குறித்தது. அதனை நோய் என்று அது கூறவில்லை. தொழிற்களத்தில் நேரும் நிலை என்றே கூறியது. மனச்சோர்வாலும் மனக்கலக்கத்தாலும் ஆண்டுதோறும் உலகில் 1,200 கோடி வேலைநாள்கள் வீணாகின்றன என்றும் 2022-இல் அது மதிப்பிட்டது. எண்ணிக்கை பெரிது. கொத்துக்காட்டில் பாட்டு நின்றுபோனால் வேலை என்னவாகும் என்பதை அறிந்த மலைமகளிர்க்கு அது வியப்பளிக்காது.

வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. அங்கே படித்து முடித்த பிள்ளைகள் சிலர் மேற்படிப்புக்குச் செல்கின்றனர். பலர் வேலை தேடி மலையை விட்டு இறங்குகின்றனர். கேரளத்தின் மிளகுத் தோட்டங்களுக்கும் கருநாடகத்தின் காப்பித் தோட்டங்களுக்கும் செல்வோர் உளர்; ஆலைகளுக்கும் கடைகளுக்கும் செல்வோரும் உளர். பாட்டி காலத்தில் கட்டாய உழைப்பைக் கண்ட குடும்பத்தில் பிறந்த பெண் ஒருத்தி, நகரத்துக் கடை ஒன்றில் துணி விரிக்கும் வேலையில் அமர்கின்றாள் என வைத்துக்கொள்வோம். அவளுக்குக் கூலி உண்டு, வார விடுமுறை உண்டு, சட்டம் உண்டு. அவள் நிற்கும் இடத்திற்குப் பின்னே சட்டப்படி ஒரு முக்காலியும் போடப்பட்டிருக்கின்றது. நண்பகலில் கடையில் கூட்டம் இல்லை. அவள் முக்காலியைப் பார்க்கின்றாள். பின்பு, மாடிப்படியின் அருகே நிற்கும் கண்காணிப்பாளரின் முகத்தைப் பார்க்கின்றாள்.